பதினான்காம் பிரிவின் மீது வந்த கருத்துகள்

மூன்றாவது உறையைப் பிரித்ததுமே அது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போட்டு, மின் இணைப்பு எண்ணை மூன்று மூன்று இலக்கமாக இடம்விட்டு எழுதுகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தாளின் வலது மேல் மூலையில் சின்னதாக ‘நா’ என்று எழுதி வட்டம் போடுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ‘நா’ என்றால் அந்த வீட்டில் நாய் இருக்கிறது. ‘பூ’ என்றால் வீடு பெரும்பாலும் பூட்டியிருக்கும். ‘ப’ என்றால் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில், குனிந்து பார்க்க வேண்டும். வீடுவீடாக மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிறவர் தன் அட்டையில் தனக்காகக் குறித்துக்கொள்கிற அடையாளம் அது. மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் செயலருக்கு ஒரு குடிமகன் எழுதுகிற கடிதத்தில் நாய்க்கு என்ன வேலை? பழக்க தோஷம், வேறென்ன. கை போன போக்கில் போட்டுவிட்டிருக்கிறார் மனுஷன். மனுஷன் என்றால் அவள் புருஷன்.

மேசைமேல் அதே பழுப்பு நிறத்தில் இன்னும் முப்பத்தெட்டு உறைகள் இருந்தன.

ஆணைய அலுவலகத்தில் அவளுக்கு ‘அட்டவணை அக்கா’ என்று பெயர். வைத்தவன் தபால் பிரிவில் இருக்கிறவன். அவனுக்கு ‘முத்திரை’ என்று பெயர் வைத்தது அவள். கணக்கு நேர். புதிய விதி எதுவானாலும் முதலில் வரைவாக வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, வந்ததையெல்லாம் அட்டவணையாக்கிய பிறகுதான் ஆணையம் கையெழுத்துப் போடும். எண், அனுப்பியவர், கருத்தின் சுருக்கம், ஆணையத்தின் பதில் என்று நாலு கட்டம். நாலு பக்கத்துக்குக் கொட்டித் தீர்த்திருந்தாலும் அவள் கைக்கு வந்தால் ஒன்றரை வரி. “கருத்தாளர் கட்டண நேர மாற்றத்தை எதிர்க்கிறார்.” முடிந்தது. பதினோரு வருடமாக இதே வேலை. ஊரார் கோபத்தையெல்லாம் ஒன்றரை வரியாக்கி ஆக்கி, வீட்டிலும் அவள் பேச்சு சுருங்கிவிட்டதாக அவருக்கு ஒரு குறை உண்டு.

இந்தமுறை வந்திருந்த வரைவுதான் அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. அதைத் தட்டச்சு செய்தவளே அவள்தான், இருந்தும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போன வரைவு வரைக்கும் மின்சாரத்தை ராத்திரியில் பயன்படுத்துங்கள், பகலில் குறையுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஊரெல்லாம் மொட்டை மாடியில் சோலார் பலகை. நடுப்பகலில் கரண்ட் வழிந்து ஓடுகிறது, பொழுது சாய்ந்ததும் அடித்துப்பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே நடுப்பகலில் துவையுங்கள், நடுப்பகலில் தண்ணீர் ஏற்றுங்கள் என்றது புது வரைவு. நுகர்வோர் என்பவர் வாங்குகிறவர் என்று ஆண்டாண்டு காலமாக இருந்த வரையறைக்குப் பக்கத்தில் ‘விற்பவரும்’ என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. போகும் கரண்டையும் வரும் கரண்டையும் மணிக்கணக்கில் பிரித்துச் சொல்ல இருவழி மீட்டர். அந்த மீட்டர் தன் கணக்கைத் தானே அனுப்பிவிடும்.

“மீட்டர் பின்னாடியும் சுத்துமாமே அக்கா,” என்றான் முத்திரை, முதல் நாள். “அப்ப என் வயசையும் கொஞ்சம் அதுல மாட்டிவிடச் சொல்லுங்க.”

சிரித்தாள். ஆனால் பதினான்காம் பிரிவைத் தட்டச்சு செய்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நேரில் சென்று கணக்கெடுக்கும் முறை பதினெட்டு மாதங்களுக்குள் படிப்படியாக நிறுத்தப்படும்.’ ஒரே வரி. ஐம்பத்திரண்டு வயசில் மனுஷன் எங்கே போய் எதைக் கற்றுக்கொள்வார்? வெளியிடும்வரை வரைவு ரகசியம். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. பத்திரிகையில் அறிவிப்பு வந்த அன்று காலை அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, “உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். “எனக்கென்ன தெரியும், குடுக்கறதை அடிக்கிறவ,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போலத்தான். அதற்குப் பிறகு அவர் தன் வேலையைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். எல்லாம் பதினான்காம் பிரிவைப் பற்றியவை. கீழே கையெழுத்துகள் மட்டும் வேறுவேறாக இருந்தன. ஒன்று நடுங்கியது, ஒன்று அச்சடித்தது போல நின்றது, இரண்டு கைநாட்டு. இணைப்பு எண்கள் ஏறுவரிசையிலும் இல்லை, இறங்குவரிசையிலும் இல்லை. ஆனால் அந்த வரிசை அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, விடுப்புப் போட்டுவிட்டு ஒரு மாதம் அவர்கூட நடந்திருக்கிறாள். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தையல்கடையில் தொடங்கி, பச்சை கேட் வீடு, அதற்கு எதிரே கணக்கு வாத்தியார் வீடு, முனையில் திரும்பி மூன்று மாடிக் குடியிருப்பு. கடிதங்கள் அவர் நடக்கிற வழியில் அடுக்கப்பட்டிருந்தன.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. நாற்பத்தொரு பேர் பெயரில் தானே எழுதி, கையை மாற்றி மாற்றிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாரா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடுமே. ஆனால் படிக்கப் படிக்க அந்த ஆத்திரம் தடுமாறியது. தையல்காரர்: ‘போன வருடம் மீட்டருக்குப் பின்னால் ஒயர் கருகிய வாசனையை ரீடிங் எடுக்க வந்தவர்தான் கண்டுபிடித்தார். புது மீட்டருக்கு மூக்கு உண்டா?’ கணக்கு வாத்தியார்: ‘சோலார் போட்டிருக்கிறேன். பகலில் கொடுத்து இரவில் வாங்குகிறேன். எனக்கு இருவழி மீட்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் வரும் கட்டணச் சீட்டு எனக்குப் புரிவதில்லை. அவர் வந்து ஒரு தாளில் போட்டுக் காட்டினால் புரிகிறது.’ பச்சை கேட் அம்மாள் பதினான்காம் பிரிவை முழு மனதாக ஆதரித்தார். ‘மாதாமாதம் நாயைக் கட்டிவிட்டுக் காத்திருக்க என்னால் ஆகவில்லை. இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும். வருகிறவர் நல்ல மாதிரி, அவருக்கு வேறு வேலை கொடுங்கள். (இந்தக் கடைசி வரியை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார், நான்தான் எழுதவைத்தேன்.)’ மூன்று மாடிக் குடியிருப்பில் ஒருவர்: ‘எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.’ அதற்கும் கீழே முறையாகக் கையெழுத்து. ஏழு பேர் இந்த ஆள் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் ஒரு எழுத்துக் குறையாமல் எழுதியிருந்தார்.

பொய் எழுதுகிறவன் தனக்கு எதிராகவா எழுதுவான்?

முத்திரை எட்டிப் பார்த்தான். “எல்லாம் ஒரே கையா இருக்கே அக்கா. நான் தனித்தனி நம்பர் போட்டுத் தொலைச்சிட்டேன். கட்டி ஒண்ணாக்கிடுவீங்கதானே?”

அதுதான் முறை. போன வருடம் சோலார் பலகை விற்கிற நிறுவனம் ஒன்று ஒரே வாசகத்தை அச்சடித்து, அறுநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி அஞ்சலட்டையாக அனுப்பியிருந்தது. அவள் அதையெல்லாம் ரப்பர் போட்டுக் கட்டி, ‘ஒரே கருத்தாகக் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினாள். அவள் மேலதிகாரியான மேடம் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரே மூலத்திலிருந்து வருவது எத்தனையானாலும் ஒன்று. அறுநூறுக்கு ஒரு நியாயம், நாற்பத்தொன்றுக்கு ஒரு நியாயமா?

ஆனால் ஒரு பிரிவின் மீது நூறு தனிக் கருத்துகள் வந்துவிட்டால், ஆதரவோ எதிர்ப்போ, அந்தப் பிரிவை மட்டும் எடுத்து நேர் விசாரணை வைத்தே ஆக வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் வந்து பேசலாம். பதினெட்டு மாதம் என்பது நீளலாம், வேறு வேலை என்று ஒரு வரி சேரலாம். வராவிட்டால் இருக்கிறபடியே கையெழுத்தாகிவிடும். பதினான்காம் பிரிவுக்கு இதுவரை வந்தவை அறுபது. இவற்றைக் கட்டினால் அறுபத்தொன்று. பிரித்தால் நூற்றொன்று. கடைசி நேரம் நாளை, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. பிரித்து எழுதி, எழுதியவர் அவள் கணவர் என்று பின்னால் யாராவது கண்டுபிடித்தால் வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள், அவள் வேலையும் சேர்ந்து போகும். கட்டிப்போட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், அவரைத் தவிர. அவரும் கேட்க மாட்டார். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஆணையத்துக்குக் கடுதாசி எழுதினீங்களா?”

சட்டையின் மேல் அவர் கை நின்றது. “அது உன்கிட்டயா வருது? செயலர்னுதானே போட்டேன்.”

“செயலர்னு போட்டா செயலரா உட்கார்ந்து பிரிப்பாரு?” அவளும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். “நீங்களா எழுதினதா, அவங்க சொன்னதா?”

“அவங்க சொன்னதுதான். எழுத வராதவங்க பாதிப் பேரு, எழுதச் சோம்பல்பட்டவங்க மீதிப் பேரு. ரீடிங் எடுக்கப் போனப்ப கேட்டேன், எழுதினேன், கையெழுத்து வாங்கினேன்.”

“நீங்க வரவே வேண்டாம்னு சொன்னதையும் எழுதியிருக்கீங்களே. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு.”

“நான் ரீடிங் எடுக்கிறவன்மா. நம்பர் என்ன காட்டுதோ அதைத்தானே எழுத முடியும்?” சட்டையின் கையை உள்ளே மடித்துவிட்டு, “அந்த அம்மா சொல்றதும் நியாயம்தான். அந்த நாய் என்னைப் பார்த்து பன்னெண்டு வருஷமா குரைக்குது,” என்றார்.

நூறு கணக்கையும் ரப்பர் கட்டையும் அவரிடம் சொன்னாள். சொல்லக்கூடாதுதான், சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். “அது உன் வேலை. அதுல நான் என்ன சொல்ல?” என்றார்.

அவள் இன்னொரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது. “எனக்கு முன்னாடியே தெரியும்ங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“வருஷா வருஷம் செருப்பு தேஞ்சு போச்சு, புதுசு வாங்குங்கன்னு உயிரை எடுப்ப. இந்த வருஷம் வாயே திறக்கல. இன்னும் எத்தனை நாள் நடக்கப்போறாரு, எதுக்குப் புதுசுன்னு நினைச்சிட்டே போல.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி நினைத்ததாக அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் வாங்கச் சொல்லவில்லை என்பது உண்மை. தனக்கே தெரியாமல் அவரை ஒன்றரை வரியாகச் சுருக்கிவிட்டோமே என்று தோன்றியது. அவர் மடித்த துணிகளை அலமாரியில் வைக்க எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். ஐயம் எழுந்தால் கருத்தாளரிடம் நேரில் உறுதி செய்யலாம் என்று விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. பதினோரு வருடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. எண்களையும் அவரவர் சொன்னதன் சுருக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, காலை ஆறரைக்கே தையல்கடையில் போய் நின்றாள். ஆணையத்திலிருந்து வருகிறேன், இப்படிச் சொன்னது நீங்கள்தானா என்று கேட்பது, ஆமாம் என்றால் கையெழுத்து வாங்குவது. இதிலென்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி, “சொன்னேன். ஆனா இப்ப யோசிச்சா புது மீட்டரே தேவலையோன்னு இருக்கு. அது ராத்திரியும் முழிச்சிருக்குமாமே?” என்றார். அடுத்த வீட்டில் மாமியார் சொன்னதாகக் கடிதம், மருமகள்தான் சொன்னதாக மாமியார். கணக்கு வாத்தியார் அவளை உட்காரவைத்து, நடுப்பகல் கரண்ட் ஏன் மலிவு என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்தும் புரியாதது பத்து நிமிடத்தில் புரிந்து, வாசலைத் தாண்டியதும் மறுபடி குழம்பியது. இன்னொருவர் தான் எதிர்த்ததை மறந்துபோய் அவளிடம் ஆதரித்தார். பிறகு சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்கூட வந்தவள் என்று யாருக்கும் அவளை நினைவில்லை. நாற்பத்தொரு வீட்டில் இரண்டு வீடுகூட ஒரே மாதிரி பேசவில்லை. ஒரே வீடே போன வாரம் பேசிய மாதிரி இந்த வாரம் பேசவில்லை. இவர்களையா ரப்பர் போட்டு ஒரே ஆளாகக் கட்டுவது என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

நாய்க்குப் பயந்து பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்த பச்சை கேட்டில் அந்தத் தெம்பு போயிற்று. “அந்தப் பிரிவு வந்தா அவர் வேலையே போயிடுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். “வேற வேலை குடுத்துடுவாங்கன்னுல்ல நினைச்சேன். நாயைக் கட்டற கஷ்டத்துல சொன்னது. என் பேரை அடிச்சிடுங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

அடித்தால்தான் அவருக்கு நஷ்டம், ஆதரவாக இருந்தாலும் எண்ணிக்கையில் சேரும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது கேட்டு வாங்கிய கருத்தாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, “கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா,” என்றாள். நாய் விடாமல் குரைத்தது. மூன்று மாடிக் குடியிருப்பில் சொல்ல ஒன்றுமில்லாதவர் வெட்கப்பட்டுப் போனார். “ஒண்ணுமில்லைன்னு சொன்னதையுமா எழுதிட்டாரு? எடுத்துடுங்கம்மா, சிரிப்பாங்க.” அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மதியம் ஒன்றரை மணிக்கு மேடத்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியவர் தன் கணவர் என்பதை முதலிலேயே சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுன்னு தெரியும் மேடம். அதான் சொல்லிட்டேன்.”

மேடம் நோட்டைப் புரட்டினார். அங்கங்கே நின்று படித்தார். ஒரு இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்த அறுநூறு பேரும் யாரோ ஒருத்தர் சொன்னதுக்குக் கையெழுத்துப் போட்டவங்க. இவங்க தானே பேசியிருக்காங்க. யார் கையால எழுதினா என்ன? தனித்தனியாவே போடுங்க. எழுதினவர் உங்க கணவர்னு அடிக்குறிப்புப் போடுங்க, கீழே நான் கையெழுத்துப் போடறேன். யாராவது கேட்டா என்னைக் கேட்கட்டும்.” அப்புறம் வழக்கம்போலக் கேட்டார். “மொத்தம் எவ்வளவு வருது?”

அப்போதுதான் அவள் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் இரண்டு போக முப்பத்தொன்பது. அறுபதோடு சேர்த்தால் தொண்ணூற்றொன்பது.

மேடமும் கூட்டியிருக்க வேண்டும். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “நாலு மணி வரைக்கும் தபால் வரலாம்,” என்று கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

தபால் வரவில்லை. இரண்டரைக்கு வந்த பையில் இருந்ததெல்லாம் வேறு பிரிவுகள். முப்பத்தொன்பது வரிகளையும் தட்டச்சு செய்து முடித்தபோது மூன்று நாற்பது. நேர்மையாக நடக்கிறேன் பேர்வழி என்று போய் இரண்டு பேரை உதிர்த்துவிட்டு வந்தாயே, உன்னை யார் போகச் சொன்னது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போகாமல் இருந்திருந்தால் மட்டும் மேடம் முகத்தில் விழித்திருக்க முடியுமா என்றும் தோன்றியது. இரண்டும் சரியாகவே பட்டது. எது சரியென்று யோசித்தால் தலை வலித்தது.

முத்திரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “ஏன்க்கா, உங்க வீட்டுல கரண்ட் இல்லையா?”

“என்னடா கேள்வி இது?”

“இல்ல, முப்பத்தொன்பது வீடு இருக்கு, உங்க வீட்டைக் காணோமேன்னு கேட்டேன்.”

“எங்க தெருவுக்கு வேற ரீடர் வர்றாரு. அவர் ரூட்ல எங்க வீடு இல்ல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அத்தனை வீட்டு வாசலிலும் நின்று, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டவர், தன் வீட்டுக்குள் இருக்கிறவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“ஊழியர்களும் நுகர்வோரேன்னு விதியில இருக்கு, நீங்களே அடிச்சது,” என்றான் முத்திரை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, அதன் தலையில் ‘பெறப்பட்டது’ முத்திரையை ஓங்கிக் குத்தி, நேரத்தை எழுதினான். 3.51. “எழுதறதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன். என் வேலைக்கும் சேர்த்து உலை வச்சிடாதீங்க, நாலுக்குள்ள குடுங்க.”

ஆதரவா, எதிர்ப்பா? எதுவானாலும் நூறு ஆகிவிடும். ஒரு வரி போதும், சொல்ல ஒன்றுமில்லை என்றுகூட எழுதலாம். ஆனால் நூறு ஆவதற்காக எழுதினால் அது எண்ணிக்கை, கருத்தாகுமா? அவள் பெயர் அவள் தயாரித்த அட்டவணையிலேயே வரும். விசாரணை நாளில் அவர் எழுந்து பேச, எதிரில் உட்கார்ந்து அவள் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும். அவள் நிஜமாக என்ன நினைக்கிறாள் என்று தேடிப் பார்த்தாள். வாத்தியார் வீட்டு மாடியில் வெயில் வீணாகக் கூடாது என்பது புரிந்தது. தையல்காரர் கேட்ட மூக்கும் புரிந்தது. நாயைக் கட்டிவிட்டுக் காத்திருப்பதும் புரிந்தது. எல்லோர் குரலும் கேட்டது, அவளுடையது மட்டும் வர மறுத்தது. அவர் வேலை போகக் கூடாது. அது மட்டும் நிச்சயம். அதை ஒரு கருத்தாக எப்படி எழுதுவது?

கைப்பழக்கத்தில் ‘கருத்தாளர்’ என்று தொடங்கினாள். அடித்தாள். மை காயாத முத்திரையில் புறங்கை பட்டு, தேதியின் பாதி ஊதா நிறத்தில் அவள் தோலில் ஒட்டிக்கொண்டது. 3.56. முத்திரை வாசலைப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அவள் ‘என் கணவர்’ என்று எழுதினாள்.